மூச்சு வகுப்பும் என் மனைவியின் ஒலிபெருக்கியும்

மூச்சு விடுவதற்கு வகுப்பு நடத்துகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறந்ததிலிருந்து யாரும் சொல்லித் தராமல் விட்டுக்கொண்டிருக்கிற மூச்சை, ஆஸ்பத்திரிக்குப் போய், பாயில் படுத்து, ஒரு டீச்சரை வைத்துக்கொண்டு விட வேண்டுமாம். அதற்கு நானும் போக வேண்டுமாம். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. அந்த நாளில் நான் படுத்துவிட்டால் எழுப்புகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது, என் மனைவியைத் தவிர.

"நீங்கதான் கூடப் போகணும். நீங்கதான் கூடப் போகணும்" என்றாள் அவள்.

எதையும் இரண்டு தடவை சொல்வது அவள் தொழில். பேருந்து நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் பழக்கம் விடாது. சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு தடவை, திட்டினால் இரண்டு தடவை. முதல் தடவையை நான் காதிலேயே வாங்கிக்கொள்வதில்லை, அடுத்தது எப்படியும் வரும் என்கிற தைரியம்.

போக வேண்டியிருந்தது என் மச்சானுக்காக. அவளுடைய ஒரே தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற லேபில் வேலை. பிளாஸ்டர் அச்சில் மெழுகு ஊற்றி, வரிசையாகப் பல் நட்டு, அந்த வாய்க்குச் சொந்தக்காரரின் மிச்சப் பற்களோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். அவன் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு ஊரில் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள். அவனுக்குத்தான் மனச்சோர்வு நோய். வருத்தம் என்று சொன்னால் போதாது. வந்துவிட்டால் குளிக்க மாட்டான், பேச மாட்டான், முகம் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் மனநல வார்டில் சேர்த்தோம். இரண்டாவது தடவை என்ன நடந்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறான், எனக்கு அது போதும்.

மூன்றாவது தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "மூணு தடவை வந்தது நாலாவது தடவையும் வரப் பாக்கும். மாத்திரையை நிறுத்தவே கூடாது. அதோட, மனவிழிப்புப் பயிற்சின்னு, மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தர்ற வகுப்பு கீழ நடக்குது. ரெண்டு மாசம் வரட்டும். வீட்டு ஆள் யாராவது கூட வந்தா நல்லது."

நாலாவது தடவை. இந்த இரண்டு வார்த்தை என் மனைவியின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். தட்டில் மிச்சம் வைத்தால் கேள்வி. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவுக்கு வெளியே காவல். ஒரு நாள் டீ சூடாக இருக்கிறதென்று அவன் ஊதிக் குடித்ததைப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டு, வேலை நாளும் அதுவுமாக அவனை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். டாக்டர் பொறுமைசாலி. முழுக்க விசாரித்துவிட்டு, "அடுத்த தடவை ஆற வெச்சுக் குடுங்கம்மா" என்று அனுப்பினார்.

அவனும் பாவம், என்னதான் செய்வான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வரப் பழகிவிட்டான். அவன் செய்கிற பல்வரிசை மாதிரியே எப்போதும் ஒரே அளவான சிரிப்பு. கால் இடறினாலும் சிரிப்பான், கரண்ட் போனாலும் சிரிப்பான். எனக்கு எரிச்சலாக வரும். வருத்தப்பட அனுமதி இல்லாத வீட்டில் ஒரு மனிதன் எத்தனை நாள் குடியிருக்க முடியும்?

வகுப்பு நடந்தது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தைப் பார்த்த ஓர் அறையில். ரப்பர் பாய்கள், மடக்கு நாற்காலிகள், கரகரவென்று ஓடும் மின்விசிறி. நடத்தியவர் ஓர் உளவியல் நிபுணர், சின்னப் பெண். அவருக்கு நான் வைத்த பெயர் மூச்சு டீச்சர். போகப் போக வகுப்பே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, அவரும் திரும்பிப் பார்த்தார். எங்களோடு ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர், ஒரு தையல்கார அம்மா, இன்னும் சிலர். எல்லாரும் அந்த நோயில் விழுந்து எழுந்தவர்கள். எதிலும் விழாமல் வந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையை வைத்தார் டீச்சர். "இதை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லாத மாதிரி பாருங்க" என்றார்.

நான் அதற்குள் விழுங்கியிருந்தேன். "அடுத்தது எப்பங்க?" என்று கேட்டேன்.

"இது ஒண்ணுதான் சார். இன்னும் பத்து நிமிஷத்துக்கு."

எல்லாரும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்க, நான் வெறுங்கையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தேன். அப்போது பக்கத்தில் மச்சான் மெதுவாகச் சொன்னான்: "மாமா, இதுக்கு முனையில ஒரு குட்டிக் காம்பு இருக்கு. ஒடிஞ்ச இடம் வேற கலரு."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால், கேள்வி கேட்டால் பதில் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தவன், மாதக்கணக்கில் தானாக என்னிடம் சொன்ன முதல் விஷயம் அது. என் திராட்சையைத் தின்று தொலைத்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன், அதன் காம்பை அவனுக்குக் காட்டியிருக்கலாமே என்று.

அடுத்த வாரம் பாயில் மல்லாந்து படுத்து, கால் விரலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை ஒவ்வோர் இடமாக மனசை வைத்துப் பார்க்கிற பயிற்சி. முழங்கால் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் தையல்கார அம்மா என் தோளைத் தட்டி, "அண்ணே, உங்க குறட்டையில எனக்கு என் காலே தெரியல" என்றார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "வீட்டுல சரியாத் தூங்கறது இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் யார் தூங்குகிறோம்? அவன் அறையில் கட்டில் கிறீச்சிட்டால் ஏன் கிறீச்சிட்டது என்று விழிப்போம், கிறீச்சிடாவிட்டால் ஏன் சத்தமே இல்லை என்று விழிப்போம். விழுந்தவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது அந்த ரப்பர் பாயில்தான்.

டீச்சர் பேச்சில் எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொண்டேன் என்றில்லை. ஒரு நாள், மனசில் வருகிற எண்ணங்கள் பேருந்து மாதிரி என்றார். "நீங்க நிறுத்தத்துல நிக்கறீங்க. 'நான் எதுக்கும் உதவாதவன்'னு போர்டு மாட்டிக்கிட்டு ஒரு பஸ் வருது. வந்தா ஏறித்தான் ஆகணுமா? போகட்டும்னு விடலாம்ல?"

நான் கையைத் தூக்கினேன். "ஆள் நிக்கறது தெரிஞ்சும் ஏத்தாமப் போனா டிப்போவுல எனக்கு மெமோ குடுப்பாங்க டீச்சர்."

"அதனாலதான் சார், நீங்க டிரைவர் பக்கத்துல இருந்து யோசிக்காதீங்க, பயணி பக்கத்துல இருந்து யோசிங்க" என்றார். பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

வீட்டில் தினமும் பயிற்சி செய்ய ஓர் ஒலிப்பதிவு கொடுப்பார்கள். அது ரொம்பப் பழசு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. டீச்சருக்கோ அந்த மாதம் முழுக்கத் தொண்டைக் கட்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். "என் வீட்டுக்காரிக்கு மைக்குதாங்க தொழில்" என்று வாயை விட்டேன்.

அவள் ஆசை ஆசையாகத்தான் செய்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டுபோய், கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, போனில் பதிவு செய்து கொடுத்தாள். வகுப்பில் எல்லாரும் கண்ணை மூடிப் படுத்திருக்க, டீச்சர் ஓடவிட்டார்.

"தங்கள் கவனத்தைத் தற்போது இடது காலில் நிறுத்தவும். இடது காலில் நிறுத்தவும். இடது காலிலிருந்து புறப்படும் கவனம், முழங்கால் வழியாக, இன்னும் சற்று நேரத்தில் இடுப்பை வந்தடையும்."

அறையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட்டார்கள். பேராசிரியர்தான். அவரைத் தொடர்ந்து தையல்கார அம்மா. "உள்மூச்சு வந்துகொண்டிருக்கிறது. வெளிமூச்சு புறப்படத் தயாராக உள்ளது" என்று வந்தபோது மொத்த அறையும் பாயில் உருண்டது. நான் மச்சானைப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். இது அந்த மாட்டிக்கொள்கிற சிரிப்பு இல்லை. கோணல்மாணலாக, மூச்சு முட்டுகிற, அசல் சிரிப்பு. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையே வெச்சுக்கலாம்" என்றார். அன்று முதல் அத்தனை பேர் வீட்டிலும் என் மனைவியின் குரல்தான் கவனத்தை ஏற்றி இறக்கியது.

மச்சான் காலையில் தவறாமல் போட்டுக் கேட்பான். லேபுக்கு ஒழுங்காகப் போனான். மாத்திரையை அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். வகுப்பு முடியப் போகிற சமயம். நான் மெல்லத் தூங்க ஆரம்பித்திருந்தேன். என் மனைவி மட்டும் விளக்கெண்ணெயைக் கண்ணிலிருந்து துடைக்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் அந்தக் காலை வந்தது.

அவள் மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. பேசும்போதெல்லாம் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஒலி நின்றுவிடும். வருடக்கணக்கில் அழுத்தி அவளுக்குக் கட்டைவிரல் நரம்பு இழுத்துக்கொண்டது. அதனால் நீளமான அறிவிப்பு என்றால் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிப் பொத்தானை அமுக்கி வைத்துவிடுவாள். சொல்லி முடித்ததும் கழற்றிவிடுவாள். அன்று நடைமேடைகளை மாற்றியிருந்தார்கள், அறிவிப்பு ரொம்ப நீளம். நான் என் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் நேரத்துக்காகக் காத்திருந்தேன். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் நடைமேடை எண்களைச் சொல்லி முடித்தது. நிலையம் முழுக்க ஒரு கைப்பேசி மணி அடித்தது.

"ஹலோ... ஆமாங்க, அக்காதான் பேசறேன்... என்னது, லேபுக்கு வரலையா? போன் கூடப் பண்ணலையா?... நான் வெச்சுடறேன். நான் வெச்சுடறேன்."

ரப்பர் பேண்டு! அந்தக் கண்ணாடி அறைக்குள் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. தன் குரல் ஊரெல்லாம் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

"எடுடா" என்றது ஒலிபெருக்கி. "எடுடா தம்பி... எடுடா..."

தண்ணீர் பாட்டில் விற்கிறவர் கூவுவதை நிறுத்தினார். ஏறிக்கொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், குரல் மேலேயிருந்து வருவதால்.

"எடுத்துட்டியா! எங்கடா இருக்க?... படுக்கையிலயா? இன்னுமா எழுந்திருக்கல?... சரி, சரி, பேசாத. நான் சொல்றதைக் கேளு. மூச்சைக் கவனி. உள்ள வர்றதை மட்டும் பாரு... என்னை எதுக்குடா இழுத்து விடச் சொல்ற? எனக்குத்தான் மூச்சே வரலையே!... ஒவ்வொரு நாளும் வேலை முடிச்சு வந்து கதவைத் தட்டறேனே, நீ வந்து திறக்கற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்லடா. அது தெரியுமா உனக்கு?... நாலாவது தடவை வேணாம்டா. உன்னை வார்டுல விட்டுட்டு வந்து, அந்த ரூம்ல உக்காந்து உன் சட்டையை மடிக்க இனிமே என்னால ஆகாதுடா..."

டக்கென்று நின்றது. நேரக்காப்பாளர் மாடிப்படியில் ஓடியதை நான் பார்த்திருந்தேன். அவர்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் மூன்று தடவை வார்டில் இருந்ததை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் 'வெளியூரில் பயிற்சி' என்று சொல்லிச் சமாளித்தோம். உலகத்திலேயே அதிகமாகப் பல் பயிற்சி எடுத்தவன் என் மச்சானாகத்தான் இருப்பான். இப்போது ஒரு நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளோடு இருக்கிறேன். அவள் பயப்படுகிறாள் என்று தெரியும். எவ்வளவு பயப்படுகிறாள் என்பதை, ஊரோடு ஊராக உட்கார்ந்து ஒலிபெருக்கியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் நடத்துனர் பின்வாசலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தான். கிண்டல் செய்யாமல் அவனால் அரை நாள் ஓட்ட முடியாது. அன்று ஸ்கூட்டர் சாவியை நீட்டினான். "கிளம்புங்கண்ணே. வேற டிரைவருக்குச் சொல்லிட்டேன்." நான் இறங்கியதும் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பா இப்படித்தான் படுத்தே கிடந்தாரு. நாங்க சோம்பேறின்னு திட்டிக்கிட்டே இருந்தோம், கடைசி வரைக்கும்." அதற்கு மேல் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவன் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஓடினேன்.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். பேருந்து ஓட்டுகிறவன் அப்படி ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது.

கதவு திறந்தே இருந்தது. அவன் கட்டிலின் விளிம்பில், கசங்கிய பனியனோடு, கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாப்ள" என்றேன்.

"வாங்க மாமா. அக்கா அனுப்பினாளா? போன்ல என்னைப் பேசவே விடல."

"உன்னை மட்டுமா பேச விடல. பஸ் ஸ்டாண்டுல யாரையும் பேச விடல." ரப்பர் பேண்டு கதையைச் சொன்னேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும்."

"ஒரு தடவைதான் சொன்னாளா, ரெண்டு தடவையா?"

எனக்குப் பக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னடா ஆச்சு? சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். லேபில் மெழுகு வேலை பார்க்கிற ஒரு பெண். அவன் பக்கத்து மேசை. இவன் நிறம் பார்க்கும்போது அவளும் எட்டிப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் மஞ்சள்' என்பாளாம். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்குமாம். நேற்று மாலை எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாளாம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம்.

"நீ அவகிட்ட ஏதாவது சொல்லியிருக்கியா?"

"என்னத்தைச் சொல்றது மாமா? மூணு தடவை வார்டுல இருந்திருக்கேன், தினம் மாத்திரை சாப்பிடறேன், ஆனா பல்லு நல்லாப் பண்ணுவேன்னா?"

இப்படி ஒரு செய்தியைக் கேட்டு மகிழ்ச்சி அடைந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காதல் தோல்வி! ஊரில் உள்ளவனுக்கெல்லாம் வருகிற சாதாரணமான, ஆரோக்கியமான, கௌரவமான காதல் தோல்வி. என் வயிற்றில் பாலை வார்த்தான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும் இல்லையா.

"அது வந்துச்சா?" என்றேன். எது என்று அவனுக்குத் தெரியும்.

"வந்துச்சு. விடியறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. 'உன்னை எவளுக்குடா பிடிக்கும், நீ இருந்து யாருக்கு என்ன'ன்னு வழக்கமா சொல்றதைத்தான் சொல்லிச்சு. முன்னெல்லாம் அது சொன்னா, அதுதான் சத்தியம்னு நம்பிடுவேன். இன்னிக்கு, ஓ நீதானா, வந்துட்டியான்னு பாத்தேன். சண்டையும் போடல, தலையும் ஆட்டல. இங்க, நெஞ்சுல, கல்லு மாதிரி இருந்துச்சு. எழுந்து ஓடாம, சிரிக்காம, அதோட அப்படியே படுத்திருந்தேன். ரொம்ப நேரம் பாத்த பிறகு..." நிறுத்தினான். "அது கல்லு இல்ல மாமா. வெறும் வருத்தம். அந்தப் பொண்ணு போயிடுவாளேன்னு. அவ்வளவுதான். அதுக்குள்ள லேபுக்கு நேரம் ஆயிடுச்சு. போன் பண்ணத் தோணல."

நான் அவன் முதுகில் கையை வைத்தேன். கை பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. என் மனைவி உள்ளே வந்தாள். அவள் வந்தாள் என்பதைவிட, பேயறைந்த மாதிரி ஒரு முகம் வந்தது என்று சொல்வதே சரி. நேராக அலமாரிக்குப் போனாள். பையை எடுத்து, அவன் லுங்கி, துண்டு, மாத்திரைப் பெட்டி என்று திணிக்க ஆரம்பித்தாள்.

"கிளம்பு. கிளம்பு. டாக்சி நிக்குது."

"அக்கா."

"எதுவும் பேசாத. டாக்டர்கிட்ட பேசிக்கலாம்."

"அக்கா, நான் வரல."

திரும்பினாள். அவன் எழுந்து நின்றான். குரல் நடுங்கவில்லை.

"எனக்கு அழணும் அக்கா. நேத்து சாயந்திரத்துல இருந்து அடக்கி வெச்சிருக்கேன். நான் அழுதா நீ பயந்துடுவ, பையைத் தூக்கிடுவன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். இந்த ஒரு தடவை விடேன். நான் அழறேன். நீ பயப்படாம பக்கத்துல உக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளுக்கு அது போதவில்லை. பையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு, இந்த வீட்டில் நாங்கள் யாருமே வாய்விட்டுக் கேட்கத் துணியாத கேள்வியை அவள் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"செத்துப் போகணும்னு தோணுதாடா?"

"இல்லக்கா" என்றான் அவன், அவள் கண்ணை நேராகப் பார்த்து. "தோணினா உன்கிட்டதான் முதல்ல சொல்வேன். பை எடுன்னு நானே சொல்வேன். இன்னிக்கு அது இல்ல. இன்னிக்கு அழணும், அவ்வளவுதான்."

அவள் அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நோயைத் தேடிப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது மெல்ல மெல்ல விலகியது. தம்பியைப் பார்க்கிற பார்வை வந்தது. பையைக் கீழே வைத்தாள். நான் வெளியே போய் டாக்சியை அனுப்பிவிட்டு வந்தேன்.

வந்தபோது அவன் அழ ஆரம்பித்திருந்தான். அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். என் மனைவி கட்டிலில் அவனோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை பேச வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள். அவன் பனியனின் நுனியை மட்டும் பிடித்திருந்தாள். அவளும் அழுதாள், சத்தமில்லாமல். கொஞ்சம் கழித்து, தாங்க மாட்டாமல் கேட்டாள்: "யாருடா அந்தப் பொண்ணு? நல்லவளா?"

"ரொம்ப நல்லவக்கா" என்று சொல்லிவிட்டு, அவன் இன்னும் அதிகமாக அழுதான்.

அன்று எங்கள் வீட்டில் ஒருவன் வாய்விட்டு அழுதான். யாரும் டாக்டருக்குப் போன் போடவில்லை.